அலமாரிக்குள் பாடுகிறவள்

என் மனைவியை ஆஸ்பத்திரியில் எல்லோரும் ‘டோக்கன் அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். வரவேற்பு மேசையில் உட்கார்ந்து நோயாளிகளை நம்பர் சொல்லி அழைப்பது அவள் வேலை. ‘நாற்பத்திரண்டு’ என்று அவள் மைக்கில் சொன்னால் நாற்பத்தொன்றும் நாற்பத்துமூன்றும் சேர்ந்தே எழுந்து நிற்கும். கொஞ்சம் கரகரத்த குரல். வெறும் எண்ணைச் சொன்னாலும் யாரோ நம்மை அக்கறையாக விசாரிப்பது போல இருக்கும்.

அந்தக் குரலில் அவள் ‘சோல்’ என்கிற அமெரிக்கப் பாணிப் பாட்டுப் பாடுகிறாள். சோல் என்றால் என்ன என்று என் அண்ணன் ஒருமுறை கேட்டான். “மனசுல கிடக்குறத அடித்தொண்டையில இழுத்துட்டு வந்து வெளிய போடுறது” என்றேன். “அதுக்குப் பேரு வாந்திடா” என்றான். அவனுக்கு எல்லாமே விளையாட்டுதான்.

முப்பது வயது தாண்டித்தான் தொடங்கினாள். அதுவரை குளியலறையோடு சரி. யாரோ தள்ளிவிட்ட பழைய கீபோர்டில் தானே தட்டித் தட்டிக் கற்றுக்கொண்டாள். பாட்டு எழுதுவதும் அவள்தான், மெட்டுப் போடுவதும் அவள்தான். மாதம் ஒருமுறை ஒரு காபிக் கடையின் மாடியில் பாடுவாள். நாற்பது நாற்காலி போடுவார்கள். சுவரோரம் இன்னும் பத்துப் பேர் நிற்பார்கள். போனில் கேட்பவர்கள் இப்போது ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள்.

ஒலிப்பதிவு எங்கள் படுக்கையறை அலமாரிக்குள் நடக்கும். துணிகள் தொங்கினால் எதிரொலி வராதாம். என் சட்டைகளுக்கும் அவள் புடவைகளுக்கும் நடுவில் ஒரு முக்காலி, ஒரு மைக். ஹெட்போனை மாட்டிக்கொண்டு கதவைச் சாத்திக்கொள்வாள். ஒரு மணி நேரம் கழித்து, வியர்த்து விறுவிறுத்து, ஊரையே ஜெயித்துவிட்டவள் போல வெளியே வருவாள். அந்த முகத்துக்காகவே நான் பல வருடம் எதையும் பொறுத்துக்கொண்டேன்.

பொறுக்க வேண்டியதும் நிறைய இருந்தது. அவள் பாட்டெல்லாம் வீட்டிலிருந்துதான் பிறக்கும். அவள் தம்பியைப் பற்றி ஒன்று பாடினாள். இரண்டு வருடமாக அவன் பேசுவதில்லை. அடுத்து என் முறை. ஒரு கசப்பான வாரத்தில் நான் திரும்பிப் படுத்ததை ‘முதுகு’ என்று பாட்டாக்கினாள். அவள் பாட்டுகளில் அதிகம் பேர் கேட்டது அதைத்தான். நான் வேலை செய்யும் மூக்குக்கண்ணாடிக் கடையில் ஒரு அம்மா ஃபிரேம் மாட்டிப் பார்த்துக்கொண்டே, “அந்த முதுகு நீங்கதானா சார்?” என்றார். சிரித்து வைத்தேன். உடம்பெல்லாம் கூசியது.

அதிலிருந்து வீட்டில் வாயைத் திறக்கவே பயமாக இருந்தது. ‘தலை வலிக்குது’ என்று சொல்லவும் யோசித்தேன். எது பல்லவியாகும், எது சரணமாகும் என்று யார் கண்டது? சொல்ல வேண்டியதை எல்லாம் மென்று விழுங்கப் பழகிக்கொண்டேன்.

இப்படி இருக்கும்போது அவளுடைய முதல் ஆல்பத்துக்குத் தேதி குறித்தார்கள். எட்டுப் பாட்டு வேண்டும், ஏழுதான் இருந்தது. அந்த நாட்களில்தான் அவள் தொட்டதற்கெல்லாம் என்னைச் சீண்டத் தொடங்கினாள். ஈரத் துண்டை நாற்காலியில் போட்டேனாம். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லவில்லையாம். “என்கிட்ட ஏதாவது சொல்லணுமா?” என்று நாளுக்கு நாலு தடவை கேட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எனக்குப் பொறுமை போய்விட்டது.

“எட்டாவது பாட்டு வேணும். அதுக்குத்தானே இந்தச் சண்டை?”

அவள் முகத்தில் ஈயாடவில்லை. “அப்படியே வச்சுக்குங்க” என்றாள்.

பையைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டேன்.

மூன்றாம் நாள், அவள் வேலைக்குப் போயிருந்த நேரத்தில், மாற்றுச் சட்டை எடுக்க வந்தேன். அலமாரியைத் திறந்தால் முக்காலியின் மேல் லேப்டாப் இருந்தது. திரையில் ‘எட்டு’ என்று ஒரு பதிவு. தேதியைப் பார்த்தேன். சண்டைக்குப் பத்தொன்பது நாள் முன்பு பதிந்தது! பாட்டை முதலிலேயே எழுதி வைத்துவிட்டு, அதற்கேற்ற சண்டையைப் பிறகு மூட்டியிருக்கிறாள், குட்டு வெளிப்பட்டுவிட்டது என்று எனக்குள் ஒரு கெட்ட சந்தோஷம். ஹெட்போனை மாட்டி ஓடவிட்டேன்.

முதலில் அவள் முனகல், வார்த்தை இல்லாமல், மெட்டு மட்டும். அதற்குப் பின்னால் யாரோ பேசும் சத்தம். கூர்ந்து கேட்டேன். என் குரல்.

“அவகிட்ட இன்னும் சொல்லலைண்ணே. வெளியூர்க் கடைக்கு எழுதிப் போட்டிருக்கேன். கிடைச்சா தனியாத்தான் போவேன். இங்க மூச்சு முட்டுது.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அன்று அலமாரிக்கு வெளியே கட்டிலில் உட்கார்ந்து அண்ணனோடு போனில் பேசியது அத்தனையும் இருந்தது. காதில் ஹெட்போன் இருக்கிறதே, அவளுக்கு எங்கே கேட்கப்போகிறது என்று நினைத்திருந்தேன். இந்த விஷயத்தில் நான் சுத்த மக்கு. மைக் கேட்பதெல்லாம் ஹெட்போன் வழியாக அவள் காதுக்குத்தான் போகும். கதவுக்கு வெளியே நான் கிசுகிசுத்ததை, காதோடு காதாக வைத்துச் சொன்னது போல அவள் கேட்டிருக்கிறாள்.

பதிவில் முனகல் நின்றது. கொஞ்ச நேரம் அவள் மூச்சு மட்டும் கேட்டது. அதோடு முடிந்துவிட்டது. பாட்டே இல்லை.

பத்தொன்பது நாள் இதை நெஞ்சில் வைத்துக்கொண்டு சமைத்திருக்கிறாள், நம்பர் கூப்பிட்டிருக்கிறாள், ‘ஏதாவது சொல்லணுமா’ என்று கேட்டிருக்கிறாள். அவள் கேட்டபோதெல்லாம் நான் நாற்காலித் துண்டை மடித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. அண்ணன் வீட்டுக்குத் திரும்பிப் போக மனம் வரவில்லை.

சாயங்காலம் அவள் வந்தாள். நான் கட்டிலில் உட்கார்ந்திருப்பதையும் லேப்டாப் திறந்திருப்பதையும் பார்த்தாள். கைப்பையைக்கூட இறக்கவில்லை.

“கேட்டுட்டீங்களா?”

“கேட்டேன். அன்னைக்கே ஏன் என்னைக் கேட்கல?”

“நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன்.”

“சொன்னா பாட்டாயிடுமோன்னு பயந்தேன். ‘முதுகு’க்கு அப்புறம் இந்த வீட்டுல நான் ஒரு வார்த்தை நிம்மதியாப் பேசினதில்ல.”

அவள் மறுத்துப் பேசுவாள் என்று நினைத்தேன். ஆனால் எதிரே தரையில் உட்கார்ந்தாள். “சரி. இப்ப சொல்லுங்க. உங்க அண்ணன்கிட்ட சொன்னத, என் மூஞ்சியப் பாத்து என்கிட்ட சொல்லுங்க.”

சொன்னேன். கடை, வெளியூர், தனியாக, மூச்சு முட்டுவது எல்லாம். நாக்கு பத்து இடத்தில் தடுக்கியது. அவள் அழுதாள். பாட்டில் அழுவாளே, அப்படி அழகாக இல்லை. மூக்கு ஒழுக, விக்கி விக்கி அழுதாள். எனக்கும் கண் நிறைந்துவிட்டது.

“அப்ப போறீங்களா?” என்றாள்.

இல்லை என்று சொல்லிவிடலாம். வாய் வரைக்கும் வந்தது.

“தெரியல” என்றேன்.

புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“சரி. இதையாவது முதல்ல என்கிட்ட சொன்னீங்களே” என்றாள்.