மாதா சுரூபத்தைத் திருப்பி அனுப்பினேன்

போன ஒக்டோபர், செபமாலை மாதம், என் மகள் ஜெனிற்றா செத்துப்போவாள் என்று நினைத்தேன். பத்தொன்பது வயது. தைரொயிட் வருத்தத்துக்குக் குளிசை விழுங்கத் தொடங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. தொண்டை நோகிறது என்றாள், பிறகு காய்ச்சல். நான் எதற்கும் பயப்படுகிறவள். பக்கத்து வீட்டில் யாராவது இருமினாலே எனக்குச் சாப்பாடு இறங்காது. அந்த முறை என் பயம் பொய்யாகவில்லை.

ஆசுபத்திரியில் இரத்தம் சோதித்தார்கள். வெண்குழியம் அநேகமாக இல்லை என்றார்கள். நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள். அப்படி ஒன்று உடம்பில் இருப்பதே எனக்குத் தெரியாது. இளம் டொக்டர் ஒருவர் பொறுமையாகச் சொன்னார்.

"அம்மா, வெண்குழியம்தான் எங்கடை உடம்புக்குக் காவல். சிலது கிருமியைக் கண்டால் விழுங்கிப்போடும். சிலது அந்தக் கிருமிக்கெண்டே எதிர்ப்பொருள் செய்யும். எலும்புக்குள்ளை இருக்கிற மச்சையிலைதான் இது உண்டாகிறது. ஆரோ ஒருத்தருக்கு இந்தக் குளிசை அதை நிப்பாட்டிப்போடும். இனிக் குளிசை இல்லை. ஆனா திரும்ப ஊறுமட்டும் ஒரு சின்னத் தடிமன், மூக்கொழுகல்கூட இவவைக் கொண்டுபோகும். ஆக்களை உள்ளை விடாதேங்கோ."

மகளைத் தனி அறையில் போட்டார்கள். வாயெல்லாம் புண். தண்ணீர் விழுங்கவே அழுதாள். நான் ஆண்டவரோடு சண்டை பிடித்தேன். உமக்கு வேறு பிள்ளை கிடைக்கவில்லையா என்று கேட்டேன்.

அடுத்த நாள் பின்னேரம் என் கணவரின் அக்கா, அதாவது என் மச்சாள், செபக் கூட்டத்தோடு வந்து நின்றா. கையில் மாதா சுரூபம். அந்த மாதம் முழுக்க எங்கள் குருநகரில் வீடு வீடாகப் போய், எல்லாரும் உதடு வைத்து முத்தி செய்த சுரூபம். மச்சாளின் மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது.

"பிள்ளை ஒருக்கா முத்தி செய்யட்டும். தள்ளு."

"ஏலாது மச்சாள். ஆக்களை விட வேண்டாமெண்டு சொல்லிக்கிடக்கு."

"மாதாவும் ஆக்களோ?"

"அதிலை எத்தினை பேற்றை வாய் பட்டிருக்கும். நீங்களும் தடிமனோடை நிக்கிறியள்."

அவ கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தா. "கேட்டியளே, மாதாவிலை கிருமியாம். உந்த வாய்க்குத்தானடி உன்ரை பிள்ளை உப்பிடிக் கிடக்குது."

அதற்குப் பிறகு நான் மரியாதை பார்க்கவில்லை.

"பிள்ளை செத்தால் வந்து ஒப்பாரி வையுங்கோ. இப்ப போங்கோ."

கதவைச் சாத்தினேன். மாதாவையே திருப்பி அனுப்பிவிட்டேன். அப்படியே நிலத்தில் இருந்து செபித்தேன். அம்மா, நாளைக்கும் வருவார்கள். ஒவ்வொருவரோடும் சண்டை பிடிக்க எனக்குச் சக்தி இல்லை. இந்த வாசலை நீரே பார்த்துக்கொள்ளும்.

அடுத்த நாள் ஒருவரும் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. மீன்பிடித் தொழில் முடித்துச் சாப்பாடு கொண்டுவந்த கணவரிடம் காரணம் கேட்டேன்.

"அக்கா ஊரெல்லாம் சொல்லிப்போட்டா. மாதாவைக் கலைச்சவளின்ரை பக்கம் ஒருத்தரும் போகக்கூடாதாம். கரையிலை என்னோடையும் ஒருத்தரும் கதைக்கினமில்லை. நீ என்னத்தையடி கதைச்சனி?"

எத்தனை பேரின் வருத்தத்துக்கு நான் சூப் காய்ச்சிக்கொண்டு ஓடியிருக்கிறேன். மச்சாளைச் சபித்தேன். செபித்த அதே வாயால் சபித்தேன்.

ஆறாம் நாள் காய்ச்சல் விட்டது. எட்டாம் நாள் வெண்குழியம் ஏறத் தொடங்கியது. அந்த இளம் டொக்டர் சிரித்தார். "மற்ற அறைகளிலை சொந்தக்காரரை மறிச்சே எங்களுக்குத் தொண்டை காய்ஞ்சுபோச்சு. உங்களிட்டை ஒருத்தரும் வரேல்லை. அதுவும் ஒரு மருந்துதான் அம்மா."

அன்றுதான் கணவர் இன்னொன்றும் சொன்னார். சுரூபத்தோடு திரிந்தவர்களில் பாதிப் பேர் காய்ச்சலில் கிடக்கிறார்களாம். மச்சாளும்தான். அப்போது எனக்கு உறைத்தது. வாசலைக் காக்கச் சொல்லிக் கேட்டேன். மாதா காத்தா. ஊர்ப் பகையை வைத்தே காத்தா.

ஜெனிற்றா இன்று நன்றாக இருக்கிறாள். நான் இன்னும் பயந்தவள்தான். ஊர் என்ன சொல்லும் என்ற பயம் மட்டும் விட்டுப்போய்விட்டது. சகோதரங்களே, நம்பிக் கேளுங்கள். கேட்டது உங்களுக்குப் பிடிக்காத முகத்தோடு வந்தாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். தடிமன் என்றால் வருத்தக்காரரின் வாசலுக்குப் போகாமல் வீட்டிலிருந்து செபியுங்கள். அதுவும் போய்ச் சேரும்.

மச்சாள் இன்னும் என்னோடு கதைப்பதில்லை. ஆனாலும் இந்தச் சாட்சியை வாசிப்பா. மச்சாள், உங்கள் கோபத்துக்கு நன்றி. அன்று நீங்கள் என்னை மன்னித்து மறுநாளும் வந்திருந்தால், எனக்கு இன்று பிள்ளை இல்லை.