அமுதவள்ளிக்கு அம்மை இல்லை

அமுதவள்ளிக்கு அம்மை போட்டிருக்கிறது என்று விருத்தாசலத்தில் எங்கள் தெருவே முடிவு கட்டிவிட்டது. அவளை ஒரு வார்த்தை கேட்கலாமே என்று யாருக்கும் தோன்றவில்லை. வாசலில் வேப்பிலை செருகினார்கள். பால்காரர் பாக்கெட்டைப் படியில் வைத்துவிட்டு நகர்ந்தார். பக்கத்து வீட்டில் தாளிப்பதை நிறுத்தினார்கள். எங்கள் ஆட்களுக்கு முகம் சிவந்தால் மாரியாத்தாள்தான், வேறு நோயே உலகத்தில் கிடையாது.

விஷயம் என்னவென்றால், அவள் கன்னத்தில் முன்பு மங்கு விழுந்திருந்தது. மருந்துக் கடையில் ஒரு டியூபைக் கொடுத்து, தடவினால் பளிச்சென்று ஆகிவிடும் என்றார்கள். ஆனதும் உண்மை. வருஷக்கணக்கில் தடவிவிட்டு ஒருநாள் நிறுத்தினாள். அவ்வளவுதான், மிளகாய் அரைத்துப் பூசியதுபோல் முகம் எரிந்து, சிவந்து, பொரிப்பொரியாகக் கிளம்பியது. பீங்கான் கம்பெனியில் அவளுக்குச் சூளையிலிருந்து அகல்விளக்கு இறக்கும் வேலை. அந்த அனலும் சேர்ந்துகொண்டது. அந்த டியூபை விற்றவனை நினைத்தால் எனக்கு இன்னமும் பற்றிக்கொண்டு வருகிறது.

புருஷன் திருப்பூருக்குப் போய் அங்கேயே இன்னொருத்தியோடு தங்கிவிட்டான். பிள்ளை இல்லை. கம்பெனி விட்டால் வீடு, வீடு விட்டால் கம்பெனி. தீபாவளி, பொங்கலுக்குக்கூட அவள் கதவை ஒருத்தர் தட்டியதில்லை. அம்மை என்றதும்தான் எதிர்வீட்டு ஆதிலட்சுமி உள்ளே நுழைந்தாள். சின்ன வயதிலேயே அம்மை கண்டவள், அதனால் பயமில்லை. கூழ் கரைத்துக் கொடுத்தாள், வேப்பங்கொத்தால் விசிறினாள். சாயங்காலமானால் மஞ்சளும் வேப்பிலையும் அரைத்து வந்து, அமுதவள்ளியின் தலையை மடியில் சாய்த்துக்கொண்டு முகம் முழுக்கத் தடவுவாள்.

தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகும் சிவப்பு போகவில்லை. ஆத்தாள் இறங்கிவிட்டாள், அவள் விட்டுப்போன சூடுதான் இன்னும் இருக்கிறது என்று சொல்லி ஆதிலட்சுமி தடவிக்கொண்டே இருந்தாள். அமுதவள்ளியும் வாயைத் திறக்கவில்லை.

இது அம்மை மாதிரி தெரியவில்லை, தோல் டாக்டரைப் பார் என்று சொன்னவர் கம்பெனி மேஸ்திரி தங்கராசு ஒருவர்தான். ஆதிலட்சுமி மகளைப் பார்க்கக் கருவேப்பிலங்குறிச்சிக்குப் போயிருந்த சமயம், சீட்டுப் பணத்தை எடுத்துக்கொண்டு அமுதவள்ளி கடலூருக்கு பஸ் ஏறினாள். அங்கே டாக்டரம்மா பார்த்தவுடனே டியூபின் வேலை என்று சொல்லிவிட்டார். மாத்திரை எழுதினார். ஹயலூரானிக் ஆசிட் ஊசி போடலாம் என்றார். ஆசிட் என்றதும் இவள் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டாளாம். பெயர்தான் அப்படி, நம் தோலுக்குள் ஈரத்தைப் பிடித்து வைத்திருப்பதே அதுதான் என்று உட்காரவைத்தார். சிலருக்கு நன்றாகக் கேட்கிறது, எல்லோருக்கும் கேட்குமென்று உறுதி சொல்ல மாட்டேன் என்றும் சொன்னார். மெல்லிய ஊசியால் கன்னம் நெடுகப் பொட்டுப் பொட்டாகப் போட்டார். முகத்தில் வேறு எதையும் தடவவே கூடாது என்பது அவருடைய கண்டிப்பு.

காற்றுப் பட்டாலே எரிந்த கன்னம் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. அதற்குள் ஆதிலட்சுமி ஊரிலிருந்து திரும்பி, அன்று சாயங்காலமே மஞ்சள் கிண்ணத்தோடு வந்துவிட்டாள். இந்தப் பைத்தியக்காரி மறுக்காமல் மடியில் தலையைச் சாய்த்தாள். அடுத்த ஊசிக்குப் போனபோது முகம் பழையபடி வெந்து கிடந்தது. தடவுவதை நிறுத்தாமல் இனி ஊசியைத் தொட மாட்டேன் என்று டாக்டரம்மா திருப்பி அனுப்பிவிட்டார்.

அன்றைக்கு ஆதிலட்சுமி வந்து விரலில் மஞ்சளை எடுத்தபோது, அமுதவள்ளி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். அம்மையே இல்லை என்பதிலிருந்து ஊசி வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னாள்.

“அப்ப, நான் தடவறப்பல்லாம் எரிஞ்சிச்சா?” என்று கேட்டாள் ஆதிலட்சுமி.

“எரிஞ்சிச்சிக்கா.”

“அத ஏன் புள்ள சொல்லல?”

“சொன்னா வர மாட்டீங்களே. என்னையத் தொட வேற யாருக்கா இருக்காங்க?”

ஆத்தாள் பெயரில் இத்தனை நாள் ஏமாற்றிவிட்டாயே என்று மட்டும் சொல்லிவிட்டு ஆதிலட்சுமி எழுந்தாள். போகும்போது வாசல் வேப்பிலையைப் பிடுங்கிக்கொண்டு போனாள்.

அதன்பிறகு ஊசி தவறாமல் போட்டாயிற்று. கம்பெனியில் எல்லோரும் அமுதவள்ளியை நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறார்கள். சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் கதவை அகலத் திறந்து வைத்துக்கொண்டு எதிர்வீட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள். முகம் இப்போது எரிவதே இல்லை.