வலப்பக்கத்துக்கு ஒரு மாடு

கட்டைபறிச்சான் ஊர்க் குலசிங்கத்துக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று சொன்னால் அது அவரைக் குறைத்துச் சொல்வதாகிவிடும். மூக்கு நுனியில் இருந்திருந்தால் ஒரு தும்மலிலாவது விழுந்து தொலைந்திருக்கும். அவருக்கு அது உடம்பு முழுக்க ஓடியது. பஸ் பிந்தினால் கோபம், முந்தி வந்துவிட்டுப் போனால் அதைவிடக் கோபம். கோயில் கூட்டத்தில் அவர் எழுந்து நின்றாலே தலைவர் கூட்டத்தை முடித்துவிடுவார். ஆனால் ஊரில் கயிறு பிடித்ததுபோல் நேராக உழுகிற ஆள் யார் என்று கேளுங்கள், அவரோடு பத்து வருடம் முகம் கொடுத்துக் கதையாதவர்கள்கூட அவர் பெயரைத்தான் சொல்வார்கள்.

2007 ஐப்பசியில் அந்த மனிதருக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. ஒரு எருது. அதுவும் நுகத்தின் வலப்பக்கத்தில் நின்று இழுத்துப் பழகிய எருது. சண்டையில் ஊரைவிட்டு ஓடி, முகாமில் கிடந்து, திரும்பி வந்து பார்த்தால் இரண்டு ஏக்கர் வயலும் பற்றைக்காடு. உழவு மெசின் இறங்க அந்த வயலுக்கு வழியில்லை. முதல் மழை விழுந்த வாரத்துக்குள் உழுது விதைக்காவிட்டால், இன்னும் ஒரு வருடம் நிவாரண மாவுக்கு வரிசையில் நிற்கவேண்டும். முகாமில் நின்ற வரிசைகளே அவருக்கு ஏழு பிறப்புக்குக் காணும்.

அவரிடம் முன்பு ஒரு சோடி இருந்தது. இடப்பக்கம் கறுவல், வலப்பக்கம் சிவலை. முந்தின வருடம் ஆவணியில் ஷெல் விழத் தொடங்கியபோது, காய்ச்சலில் கிடந்த மனைவி அன்னலட்சுமியையும் இரண்டு மூட்டை நெல்லையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊரோடு ஊராக வாகரைப் பக்கம் வெளிக்கிட்டார். வெருகல் தாண்டிய பிறகு மணல் பாதை. சிவலை நொண்டத் தொடங்கியது. பின்னால் வந்த சனமெல்லாம் அவர்களை முந்திக்கொண்டு போனது. எங்கேயோ வெடிச்சத்தம் கேட்டது. மாடு கள்ளம் அடிக்கிறது என்று அவருக்குக் கொதி ஏறிவிட்டது. மாடு ஓட்டும் கேட்டிக்கம்பால் சாத்தினார். அது நின்றது, மறுபடியும் சாத்தினார். "அவிட்டு விடுங்கோ, கொஞ்சம் ஆறட்டும்" என்று அன்னலட்சுமி வண்டிக்குள் கிடந்தபடி கெஞ்சினாள். அவர் கேட்கவில்லை. கம்பு முறிந்தது, இன்னொன்றை முறித்தெடுத்து அடித்தார், சில அடி கறுவலிலும் விழுந்தது. பின்னேரம் சிவலை முன்னங்கால் மடிந்து விழுந்தது, பிறகு எழும்பவேயில்லை. குளம்பின் இடுக்கில் ஒரு போத்தல் துண்டு ஆழமாக ஏறியிருந்ததை அதற்குப் பிறகுதான் பார்த்தார்.

அதைப் பிடுங்கிப் பற்றைக்குள் எறிந்தார். நுகத்தின் வலப்பக்கத்தில் தன் தோளைக் கொடுத்துக் கறுவலோடு சேர்ந்து கதிரவெளி வரை இழுத்தார். தோல் உரிந்து சட்டையோடு ஒட்டிக்கொண்டது. கடைசியில் வண்டியும் போய்விட்டது. முகாமிலிருந்து ஊர் திரும்பும் நாளில், கறுவலை விட்டுவிட்டுப் பஸ்ஸில் ஏற மாட்டேன் என்று அவர் பிடித்த பிடியில், ஒரு லொறிக்காரர் இரக்கப்பட்டு மாட்டை ஏற்றிக்கொண்டு வந்து சேர்த்தார்.

மற்ற மாடு எங்கே என்று ஊரில் யார் கேட்டாலும், "ஷெல் பட்டுச் செத்தது" என்பார் குலசிங்கம். அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் அன்னலட்சுமி ஒரு சொல்லும் சொல்லாமல் எழுந்து அடுப்பைப் பார்க்கக் குசினிக்குள் போய்விடுவாள். அதுவும் அவருக்குக் கோபம்.

திரும்பி வந்தவர்களுக்கு மாடு கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஒரு தொண்டு நிறுவனத்தின் ஆட்களிடம் போனார். மேசையில் இருந்த பொடியன் மரியாதையாகத்தான் கதைத்தான்.

"உங்களிட்ட மாடு இருக்குதுதானே ஐயா?"

"ஒண்டு இருக்குது."

"அப்ப நீங்கள் மாடு உள்ள ஆக்களுக்குள்ள வாறீங்கள். இது ஒண்டுமே மிஞ்சாத ஆக்களுக்கு, சோடியாய்த்தான் குடுக்கிறம்."

"தம்பி, ஒருத்தனிட்ட ஒரு கால் செருப்பு மட்டும் கிடந்தா அவனுக்குச் செருப்பு இருக்குது எண்டு எழுதுவியளோ?"

பொடியன் சிரித்தான். அங்கேதான் காரியம் கெட்டது. கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பின குலசிங்கம், ஷெல் அடித்தவன், அடிக்க விட்டவன், வீட்டு ஓட்டைக் கழற்றிக்கொண்டு போனவன், படிவம் அச்சடித்தவன் என்று ஒருவரையும் மிச்சம் விடவில்லை. பாவம், அந்தப் பொடியன் இதில் ஒன்றையும் செய்யவில்லை. அதுவும் அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் ஏசினார்.

பக்கத்து வளவு ஞானசேகரம் வழி சொன்னார். "கறுவலை ரெண்டு நாளைக்குக் காட்டுக்குள்ள கொண்டுபோய்க் கட்டிப்போட்டு, ரெண்டும் இல்லை எண்டு கையெழுத்து வையுமன். ஊரில பாதி அப்பிடித்தான் எடுத்தது."

"என்னோட ஒரே நுகத்தில இழுத்த மாடு அது. அதை இல்லை எண்டு எழுத எனக்கு ஏலாது" என்றார் குலசிங்கம். செத்த மாட்டைப் பற்றி ஊர் முழுக்கப் பொய் சொல்லிக்கொண்டு திரிந்த வாய், உயிரோடு நின்ற மாட்டைப் பற்றிச் சொல்ல மறுத்துவிட்டது. மனிதர் அப்படித்தான்.

மூதூர் மாட்டு வியாபாரி ஆதம்பாவா ஒரு வெள்ளை எருதைக் கொண்டுவந்தார். ஆள் சொன்னால் எலும்புக்கூடும் கொழுத்த மாடாகிவிடும். நுகத்தைப் பூட்டினால் வெள்ளையன் இடப்பக்கத்துக்கு நெருக்கியது, கறுவல் தன் இடத்தை விடாமல் திருப்பி நெருக்கியது. இரண்டும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு போய் வாய்க்காலுக்குள் இறங்கின.

"காக்கா, இது இடப்பக்க மாடு" என்றார் குலசிங்கம், முஸ்லிம் அண்ணன்மாரை ஊரில் கூப்பிடுகிற முறையில்.

"மாடு மாடுதானே தம்பி. பழகினாச் சரி."

"அப்ப நாளையில இருந்து நீங்கள் இடக்கையால சோறு தின்னுங்கோ. பழகினாச் சரி."

ஆதம்பாவா குறை நினைக்கவில்லை, வயிறு குலுங்கச் சிரித்தார். போகும்போதுதான் நஜ்முன் நிஸாவின் கதையைச் சொன்னார். மூதூர் ஓரத்தில் இரண்டு ஏக்கர் வயலோடு இருக்கிற விதவை. அதே ஆவணியில் மூதூர்ச் சனமும் ஊரைவிட்டு ஓடியபோது, தன் இரண்டு மாட்டையும் பிடித்துக்கொண்டு கந்தளாய்க்கு நடந்தவள். இடப்பக்க மாடு வழியில் போய்விட்டது. வலப்பக்கம் மிஞ்சியிருக்கிறது. "ஆனா அவ விக்க மாட்டா. கதையும் கொஞ்சம் உறைப்பு. ஒங்களப் போலதான்."

முதல் மழை விழுந்த அன்றே குலசிங்கம் கறுவலையும் நுகத்தையும் கொண்டு போனார். அன்னலட்சுமியும் கூடப் போனாள். இவரைத் தனியே விட்டால் சண்டையோடுதான் திரும்புவார் என்று அவளுக்குத் தெரியும்.

நஜ்முன் நிஸாவுக்கு நாற்பது வயது இருக்கும். வேலியருகில் நின்றபடியே, "விக்கிறத்துக்கில்ல" என்றாள்.

"வாங்க வரேல்லை, தங்கச்சி. சேர்த்து உழலாம் எண்டு கேக்க வந்தனான். முதல் என்ர வயல், பிறகு உங்கட வயல்."

"மாடு என்ட. முதல்ல என்ட வயல்."

"உங்கட மாடு தனிய உழுமோ?"

"ஒங்கட மாடு உழுமா?"

இரண்டு பேரும் முறைத்துக்கொண்டு நின்றார்கள். கடைசியில் அவளே சொன்னாள்: "என்ட பள்ளக்காணி. இன்னும் ரெண்டு மழை பெய்ஞ்சா தண்ணி கட்டிரும், பொறவு இறங்க ஏலா. ஒங்கட மேட்டுக்காணிதானே, நாலு நாள் தாங்கும்." அது நியாயம். நியாயம் என்பதால் குலசிங்கத்துக்கு இன்னும் எரிச்சல் வந்தது. ஆனாலும் தலையாட்டினார்.

அவள் தன் சாம்பல் நிற மயிலை எருதைக் கொண்டுவந்து வலப்பக்கம் நிறுத்தினாள். கறுவல் ஒருமுறை முகர்ந்தது, அவ்வளவுதான். வருடக்கணக்காய் ஒன்றாக இழுத்தவைபோல இரண்டும் நின்றன. குலசிங்கத்தின் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. இனி விதைக்கலாம். கயிற்றைச் சரிபண்ணுவதற்காகக் கையை உயர்த்தினார். கறுவல் கண்களை இறுக மூடிக்கொண்டு தலையைத் தாழ்த்தியது.

நஜ்முன் நிஸா அதைப் பார்த்துவிட்டாள். கறுவலின் முதுகைத் தடவினாள். விரல் ஒரு தழும்பில் நின்றது, பிறகு இன்னொன்றில்.

"ஒங்கட மத்த மாடு எப்பிடிச் செத்த?"

"ஷெல் பட்டு."

"ஷெல்லுக்குப் பயந்த மாடு சத்தத்துக்குத்தான் வெருளும். கையக் கண்டு கண்ண மூடாது."

அன்னலட்சுமி எழுந்து போகவில்லை. எழுந்து போக அங்கே அவளுடைய குசினி இல்லை. அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். குலசிங்கத்துக்கு உச்சி வரைக்கும் ஏறியது. கண்டறியாத மாடும் கண்டறியாத கேள்வியும் என்று ஏசிவிட்டு நுகத்தைக் கழற்றிக்கொண்டு போய்விடலாம். போனால் வயல் போய்விடும். இன்னொருமுறை ஷெல் என்று அடித்துச் சொல்லிவிடலாம், மாடு கிடைத்தாலும் கிடைக்கும். இரண்டில் ஒன்றைச் செய்யத்தான் வாயைத் திறந்தார்.

"நான்தான்" என்றார். ஏசுகிற அதே குரலில்தான் சொன்னார், வேறு குரல் அவருக்கு வரவில்லை. "நான்தான் அடிச்சுச் சாக்காட்டினனான். காலுக்குள்ள போத்தல் ஏறினதோட அந்த வாயில்லாச் சீவன் எனக்காக ஒரு பகல் முழுக்க இழுத்தது. நான் அதைக் கள்ள மாடு எண்டு சொல்லி அடிச்சனான். இவள் விடச் சொன்னவள், நான் கேக்கேல்லை. காணுமோ? உங்கட மாட்டை அவிட்டுக்கொண்டு போங்கோ."

நஜ்முன் நிஸா அவிழ்த்தாள். மயிலையைக் கொண்டுபோய்க் கட்டிவிட்டு வந்தாள். முகம் சிவந்திருந்தது. அடிக்கப்போகிறாளோ என்றுகூட அன்னலட்சுமி நினைத்தாள்.

"நான் என்ட மாட்ட அடிக்கல்ல" என்றாள் நஜ்முன் நிஸா. "அது விழுந்த. இன்னும் மூச்சு இரிந்த. ஆக்கள் வா வா எண்டு கத்தின, நான் உட்டுட்டுப் போன. அது தலையத் தூக்கி என்னப் பாத்த. அண்டையிலிருந்து எனக்கு எவனக் கண்டாலும் கோவம். ஒங்களக் கண்டு இப்ப இன்னும் கோவம்."

தூறல் விழத் தொடங்கியது.

"கேளுங்க அண்ணன். நாளைக்குக் கலப்பைய நீங்க புடிங்க. மாடு ரெண்டையும் முன்னுக்கு நிண்டு நான் நடத்துவன். ஒரு அடி விழுந்திச்செண்டா, நடு வயலெண்டும் பாக்க மாட்டன், கழட்டிட்டு வந்துருவன். பொறவு ஒங்கட வயல நீங்களே இழுங்க."

அந்த ஐம்பது வயதுவரை, எப்படி உழுவது என்று அவருக்கு ஒருவரும் சொல்லித் தந்ததில்லை. சொல்ல வந்தவர்கள் வாங்கிக்கட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். இப்போதும் வந்தது கோபம், தொண்டைவரை வந்தது. அவர் அதை விழுங்கினார். விழுங்கியது உள்ளே எரிந்தது.

"எத்தினை மணிக்கு வரவேணும்?"

"விடிய சுபஹு தொழுதிட்டு நிப்பன்."

"ஆமிக்காரர் செக் பொயின்ற்றை ஆறு மணிக்குத்தான் திறப்பாங்கள். நாசமறுப்பார்."

"அப்ப ஆறேகாலுக்கு வாங்க. நான் வாறதுக்கு முந்தி என்ட மாட்டத் தொடப்படாது."

"ஓம்" என்றார் குலசிங்கம்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் அன்னலட்சுமி அவருக்குப் பக்கத்தில் நடந்தாள். ஒரு வருடத்துக்கு மேலாக அவள் அப்படி நடக்கவில்லை. பாலம் தாண்டிய பிறகு, "அண்டைக்கு நான் எத்தினை தரம் சொன்னனான்" என்றாள்.

"ஏழு தரம்" என்றார் அவர். "நான் எண்ணினனான்."