மெழுகுற வேலை

என்னைப் போல ஒரு முட்டாளை வகுப்பில் வைத்துக்கொண்டு ஒரு வருஷம் முழுக்கப் பாடம் நடத்திய டீச்சருக்கு யாராவது மாலை போட்டிருக்க வேண்டும். நான்காம் வகுப்பில் ஒருநாள் அவர் ஒவ்வொருவராக எழுப்பி, அப்பா என்ன வேலை செய்கிறார் என்று கேட்டார். விவசாயம், மளிகைக் கடை, லாரி டிரைவர் என்று வரிசையாக வந்துகொண்டிருந்தது. என் முறை வந்ததும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எழுந்தேன்.

"எங்க அய்யா அரபு நாட்டுல மெழுகுறாரு டீச்சர்."

அன்றிலிருந்து எனக்குப் பெயர் சாணி.

நான் சொன்னது பொய்யில்லை. அந்தப் பாலைவன வெயிலில் ஒரு பெரிய கட்டடம் கட்டி, அதற்குள் பனியைக் கொட்டி மலை செய்து வைத்திருக்கிறார்கள். வசதி உள்ளவர்கள் காலில் நீளக் கட்டைகளை மாட்டிக்கொண்டு அதில் சறுக்குகிறார்கள். கட்டை நன்றாக வழுக்குவதற்காக அதன் அடியில் மெழுகைச் சூடுகாட்டித் தேய்ப்பதுதான் அய்யாவின் வேலை. இதையெல்லாம் போனில் பொறுமையாகச் சொல்லியிருந்தார். நான்தான் பனியையும் மலையையும் கட்டையையும் வீட்டிலேயே விட்டுவிட்டு, மெழுகுவதை மட்டும் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். எங்கள் ஊரில் மெழுகுவது என்றால் வாசலைச் சாணி கரைத்து மெழுகுவதுதான். அதை ஆண்கள் செய்வதில்லை. விமானம் ஏறிப் போய் யாருமே செய்வதில்லை.

செய்தி மாமா காதுக்கும் போனது. மாமா அம்மாவின் அண்ணன். வாலிநோக்கம் உப்பளத்தில் ஆட்களை வேலைக்கு வைக்கிற மேஸ்திரி. "எங்க வீட்டு வாசலும் பேந்துதான் கெடக்கு, மாப்ளைய ஒரு எட்டு வந்துட்டுப் போகச் சொல்லு" என்று அம்மாவிடம் சொல்லிச் சிரித்தார். மிளகாய் வெள்ளாமை பொய்த்த வருஷம் மாமா அய்யாவை உப்பளத்துக்குக் கூப்பிட்டதும், உப்பு வாரவா நான் பிறந்தேன் என்று கேட்டுவிட்டு அய்யா விமானம் ஏறியதும் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மாமா எதையும் மறக்கிற ஆள் இல்லை.

அந்த வருஷம் அய்யா சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். பொங்கலும் இல்லை, முளைப்பாரியும் இல்லை. வழக்கமாக அவர் பெட்டியைத் திறந்தால் செண்ட், தைலம், சாக்லேட் என்று வீடே வேறு நாடாக மணக்கும். இந்த முறை உள்ளே இருந்தது ஒரு கனத்த இஸ்திரிப் பெட்டி, பாதி தேய்ந்த மெழுகுக் கட்டிகள், கண்ணாடி போல ஒரு பிளாஸ்டிக் தகடு, ஒரு பிரஷ். கூடவே சாக்கில் சுற்றிய சறுக்குக் கட்டை, சின்னப் பிள்ளைகள் மாட்டுகிற அளவில். ஒன்றே ஒன்று. ஜோடி ஒடிந்துபோய்க் குப்பைக்குப் போக இருந்ததைக் கேட்டு வாங்கி வந்தாராம்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. என் மானத்தைக் காப்பாற்றத்தான் மனுஷன் கடல் தாண்டிச் சாமான்களைச் சுமந்து வந்திருக்கிறார் என்று நம்பினேன். அம்மா அந்த இஸ்திரிப் பெட்டியைக் கையில் எடுத்துப் பார்த்தாள். பிறகு அய்யாவைப் பார்த்தாள். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு உலை வைக்கப் போய்விட்டாள். சாக்லேட் வராத கோபம் என்று முடிவு செய்துகொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வாசலில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளுக்குக் குறுக்கே அய்யா கட்டையைக் கவிழ்த்து வைத்தார். கூட்டம் சேர்த்தது நான். என்னைச் சாணி என்று கூப்பிட்ட அத்தனை பேருக்கும் முன்வரிசையில் இடம். மாமாவும் பைக்கில் வந்து இறங்கினார். பார்த்தால், அந்த இஸ்திரிப் பெட்டியின் பிளக் எங்கள் வீட்டுச் சுவரில் நுழையவே மாட்டேன் என்றது. நான் ஓடிப்போய் அம்மாவின் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி வந்தேன்.

"அது ஆகாதுலே. அடியில ஓட்ட ஓட்டயா இருக்கு, மெழுகு உள்ள போயி ஒக்காந்துக்கிரும். பெறகு ஒஞ் சட்ட பூராம் மெழுகுதான்" என்றார் அய்யா.

அதில் சூடும் ஏறி ஏறி இறங்குமாம். இவர் கொண்டுவந்ததில் அடித்தகடு தடிமன், ஒரே சூட்டில் நிற்குமாம். சாயல்குடிக்கு ஆள் அனுப்பி மாற்று பிளக் வந்து சேரும்வரை, கூட்டம் கலைந்துவிடாமல் நான் கதை விட்டுக்கொண்டிருந்தேன்.

சூடான அடித்தகட்டில் மெழுகுக் கட்டியை வைத்ததும் அது சொட்டுச் சொட்டாகக் கட்டையின் மேல் விழுந்தது. அய்யா அதைப் பெட்டியால் நுனியிலிருந்து வால்வரை நிற்காமல் இழுத்துக்கொண்டே போனார். ஓரிடத்தில் நின்றால் கட்டை வெந்துபோகும், புகை வந்தால் சூடு அதிகம் என்று பெட்டியிடமே பேசுவதுபோலச் சொன்னார். ஆறவிட்டுப் பிளாஸ்டிக் தகட்டால் சுரண்டினார். இத்தனை பாடுபட்டுப் பூசியதை ஏன் சுரண்ட வேண்டும் என்று ஒருவன் கேட்டான்.

"மேல நிக்கிறது சும்மா. உள்ள எறங்குனதுதான் வழுக்கும்" என்றார் அய்யா. பிறகு பிரஷ் போட்டார். நீலக் கட்டி கடுங்குளிருக்கு, சிவப்பு கொஞ்சம் வெதுவெதுப்புக்கு. நம் ஊருக்கு எந்த நிறம் என்று கேட்டேன். அதை இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை என்றார்.

"ஒத்தக் கட்டைய வச்சு என்ன மாப்ள செய்ய? நொண்டியடிக்கவா?" என்றார் மாமா. எல்லோரும் சிரித்தார்கள். அய்யாவும் சிரித்தார். சிரித்துவிட்டு, மச்சான் மனசு வைத்தால் உப்பளத்து அம்பாரத்தில் பையன் ஒரு தடவை சறுக்கிப் பார்க்கலாம் என்றார். அவர் மாமாவிடம் எதையாவது கேட்டு அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

வாலிநோக்கத்தில் உப்பு அம்பாரங்கள் கண் கூச நின்றன. தூரத்திலிருந்து பார்த்தால் அய்யா சொன்ன பனிமலையேதான். அய்யா என்னை உச்சியில் ஏற்றி, கட்டையில் இரண்டு காலையும் முன்னும் பின்னுமாக வைத்துச் சணல் கயிற்றால் கட்டிவிட்டார். சறுக்கினேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். கட்டை ஒரு முழம் நகர்ந்து உப்பில் குத்தி நின்றது. கயிறு அறுந்தது. நான் மட்டும் அடிவாரம்வரை போனேன். வாய் நிறைய உப்பு, முட்டிச் சிராய்ப்பு நிறைய உப்பு.

"ஏலே, உப்புப் பத்துதா?" என்று பாத்தியில் நின்ற ஒரு அக்கா கேட்டாள்.

எழுந்து பார்த்தபோது அய்யா என் பக்கம் வரவில்லை. அம்பாரத்து நிழலில் மாமாவோடு நின்றிருந்தார். கட்டையின் அடியில் ஒட்டிய உப்பை நகத்தால் சுரண்டிக்கொண்டே, தலையைத் தூக்காமல் ஏதோ சொன்னார். நான் விழுந்ததைப் பற்றித்தான் பேசுகிறார்கள், மாமா இப்போது ஒரு கேலி விடுவார் என்று காத்திருந்தேன். விடவில்லை. அய்யாவின் கையிலிருந்து கட்டையை வாங்கி, பைக்வரை தானே சுமந்து வந்தார்.

விடுப்பில் வருகிறவன் வேலைச் சாமான்களைத் தூக்கிக்கொண்டு வரமாட்டான் என்பது எனக்கு எத்தனையோ வருஷம் கழித்துத்தான் உறைத்தது. அம்மாவுக்கு அந்த இஸ்திரிப் பெட்டியின் கனமே சொல்லிவிட்டது. மச்சானிடம் கேட்க வாய் வராதவர், என்னை உச்சியில் நிறுத்திவிட்டுக் கீழே போய் வேலை கேட்டிருக்கிறார். பனிக் கட்டடத்தில் பூட்ஸுக்குள்ளேயே இருந்து வெளுத்த அவர் பாதங்கள் பிறகு உப்புத் தண்ணீரில் பாளம் பாளமாக வெடித்தன. மிச்சமிருந்த மெழுகை உருக்கி வெடிப்பில் பூசிக்கொள்வார். வாசலை அம்மா மெழுகுகிறாள், காலை அய்யா மெழுகுகிறார் என்று அதற்கும் ஒரு ஜோக் அடித்தேன். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால்தான் இன்றைக்கும் தாங்கவில்லை.

ஆனால் அன்று சாயங்காலம் முட்டி எரிச்சலைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. அய்யா தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் குந்தி, கட்டையைக் கழுவிக்கொண்டிருந்தார். நாளையோடு சாணிப் பட்டத்தை ஒழித்துவிடுவது என்ற தீர்மானத்தோடு அவர் எதிரில் போய் உட்கார்ந்தேன். இனிமேல் மெழுகுகிறார் என்று உளறமாட்டேன், அய்யாவுக்கு என்ன வேலை என்று கேட்டால் எப்படிச் சொல்ல வேண்டுமோ அப்படியே சொல்லிக்கொடுங்கள் என்றேன்.

"உப்பளத்துலன்னு சொல்லு" என்றார்.