தூக்கம் கப்பலில் வருகிறது

என் தகரப் பெட்டியின் அடியில் ஒரு கறுப்புத் துணி கிடக்கிறது. இரண்டு கண்ணையும் சேர்த்து மூடுகிற அகலம், இரு முனையையும் இணைத்து ஒரு ரப்பர் நாடா. நாடா செத்துப்போய்ப் பல வருடம் ஆகிறது. இழுத்தால் இழுத்தபடியே நிற்கும். போன வாரம் அமெரிக்காவிலிருந்து வந்திறங்கிய என் அக்கா பேத்தி, கொடுத்த காபியைப் பாதியில் வைத்துவிட்டு, பட்டப்பகலில் இதே மாதிரி ஒன்றைக் கண்ணில் மாட்டிக்கொண்டு படுத்துவிட்டாள். "ஜெட் லாக், தாத்தா" என்றாள். நாங்கள் போடியில் முதன்முதலாக இந்தச் சங்கடத்தைப் பார்த்தபோது அதற்குப் பெயர் இருப்பது எங்களுக்குத் தெரியாது. கண்வலி என்றார்கள் சிலர். வெள்ளைக்காரன் ஏதோ விரதம் இருக்கிறான் என்றார்கள் சிலர். பெட்டியைத் திறந்து என் துணியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். ஒரு வாரமாக எனக்கும் தூக்கம் சரியில்லை.

ஐம்பதுகளில் போடியில் ஓர் ஏலக்காய்க் கடையில் நான் ஜீப்பு ஓட்டிக்கொண்டிருந்தேன். முதலாளிக்கு ஊரில் கடையும் இருந்தது, மேலே மலைச்சரிவில் தோட்டமும் இருந்தது. நான் பள்ளிக்கூடத்தில் மூன்று வருடம் உட்கார்ந்தவன். ஆனால் சண்டைக் காலத்தில் பட்டாளத்து லாரி ஓட்டியதில் காதால் பிடித்த இங்கிலீஷ் கொஞ்சம் கைவசம் இருந்தது. கணக்கப்பிள்ளைக்கு இங்கிலீஷ் கடுதாசி படிக்கத் தெரியும், வாயைத் திறந்து பேச வராது. எனக்குப் பேச வரும், எழுத்து தெரியாது. முதலாளி எங்கள் இருவரையும் பார்த்து, "ரெண்டு பேரையும் சேத்துத் தச்சா முழுசா ஒரு ஆளு வரும்யா" என்பார்.

அந்தக் கடைக்கு ஒரு தலைவலி வந்திருந்தது. முந்தின வருடம் முதன்முதலாக நேரடியாக சுவீடன் தேசத்துக்குப் போன எங்கள் சரக்கில் நாலு மூட்டை காய் வைக்கோலாக வெளுத்துக் கிடந்ததாம். ஏலக்காய்க்குப் பச்சை போனால் எல்லாம் போனது மாதிரிதான். 'எங்கள் ஆள் நேரில் வந்து பார்ப்பார். அவருக்குத் திருப்தி இல்லையென்றால் இனி உங்களிடம் வாங்குவதில்லை' என்று கடுதாசி வந்தது. பழி ஸ்டோர்க்காரர் தலையில் விழுந்தது. ஸ்டோர் என்று மலையில் சொல்வது, பறித்த காயை மூடிய அறைக்குள் நெருப்புச் சூட்டிலேயே உலர்த்தி எடுக்கும் கட்டடத்தை. சூடு கூடினாலும் பச்சை போகும், குறைந்தாலும் போகும். எங்கள் தோட்டத்து ஸ்டோரைப் பார்த்துக்கொண்டிருந்தவர் என் மச்சான், என் அக்காவின் வீட்டுக்காரர். ராத்திரியெல்லாம் விழித்திருந்து விறகு தள்ளுவதே அவர் பிழைப்பு. "நெருப்பு கைப்புள்ள மாதிரி, மாப்ளே. நாம கண்ணசந்த நேரத்தைச் சரியாக் கண்டுபிடிச்சிரும்" என்று சொல்வார். வருகிறவர் காயைக் குறை சொன்னால் தைக்கு வேறு ஆள் போட்டுவிடுவதாக முதலாளி சொல்லியிருந்தார். அப்படியென்றால் அக்கா குடும்பம் தோட்டத்து வீட்டைக் காலி செய்துகொண்டு இறங்க வேண்டியதுதான்.

அந்த நாலு மூட்டையை வெளுக்க வைத்தது என் மச்சான் இல்லை. நான்.

சரக்கோடு மலை இறங்கும்போது ஒரு வளைவில் ஜீப்புக்கு அச்சு முறிந்தது. அன்று ராத்திரி மழை. தார்ப்பாய் கிழிந்து நாலு மூட்டை நனைந்துவிட்டது. விடிந்ததும் நல்ல வெயில். நான் மலையடிவாரத்துக்குக் கீழே, சிலமலை என்கிற ஊர்க்காரன். மிளகாய் நனைந்தாலும் சோளம் நனைந்தாலும் எங்களுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று, வெயிலில் விரித்துப் போடுவது. நாலு மூட்டையையும் பிரித்துப் பாறைமேல் பரப்பி, பகலெல்லாம் காலால் கிண்டிக் கிண்டி விட்டேன். பொழுது சாயக் கலகலவென்று காய்ந்துவிட்டது. சரக்கைக் காப்பாற்றிவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை. பகலெல்லாம் ஈரம் போனதா என்றுதான் பார்த்தேன்; பிறகு மங்கல் வெளிச்சத்தில் நிறமா தெரியும்? மூட்டையைத் தைத்து, அச்சு மாற்றி, இறங்கினேன். மறுநாளே லாரியில் துறைமுகத்துக்குப் போய்விட்டது. அச்சு முறிந்தது முதலாளிக்குத் தெரியும். நனைந்ததும் தெரியாது, காய வைத்ததும் தெரியாது. கடுதாசி வந்த அன்றுதான் மலைக்காய்க்கு வெயில் ஆகாது என்பது எனக்கு உறைத்தது. வேலை போய்விடும் என்ற பயம் பாதி, அக்கா முகத்தில் எப்படி விழிப்பது என்ற பயம் பாதி. வாய் திறக்கவில்லை.

சுவீடனிலிருந்து வந்தவரை மதுரை ஸ்டேஷனில் நான்தான் ஏற்றிக்கொண்டேன். நெட்டையான மனுஷன், காதுமடல் வெயில் பட்டுச் சிவந்திருந்தது. சட்டைப் பையிலிருந்து இந்தக் கறுப்புத் துணி எட்டிப் பார்த்தது, விமானத்தில் கொடுத்தார்களாம். அவருக்கும் இங்கிலீஷ் சொந்தப் பாஷை இல்லை என்பது பேச்சைத் தொடங்கியதுமே தெரிந்தது, எனக்குத் தெம்பாகிவிட்டது. பல ஊர்களில் இறங்கி ஏறிப் பம்பாய் வந்து, அங்கிருந்து மெட்ராஸ் வந்து, ரயிலேறி வந்திருக்கிறார். "உடம்பு வந்துவிட்டது. தூக்கம் மட்டும் கப்பலில் வருகிறது" என்றார். ஸ்டேரிங்கைத் தட்டிச் சிரித்தேன். மனிதர்கள் சொல்வதைப் பொறுக்கி வைத்துக்கொள்கிற பழக்கம் எனக்கு. அன்று பொறுக்கிய முதல் சொல் அதுதான்.

வழியெல்லாம் கேள்வி. மாட்டுக் கொம்புக்கு ஏன் வர்ணம், ரோட்டில் ஏன் கதிரைப் பரப்பியிருக்கிறார்கள், மனிதர்கள் தலையை அசைத்தால் சரி என்று அர்த்தமா இல்லை என்று அர்த்தமா. நான் வார்த்தை தேடிப் பதில் சொல்லத் திரும்புவதற்குள் தலை தொங்கிப் போயிருக்கும். இரண்டு மைல் கழித்து விழித்து வேறொன்று கேட்பார். ரோட்டில் பரப்பிய கதிரைப் பற்றிக் கேட்டபோது, "வெயில் நல்லது" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். தேனி தாண்டி மலை சுவர் மாதிரி எழுந்து நின்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள். நான்தான் இன்னும் எதையும் பார்க்கவில்லை" என்றார். பாவமாக இருந்தது.

கடையில் மாலை போட்டார்கள். வெள்ளை வேட்டி விரித்துப் பத்துத் தாம்பாளத்தில் காய் பரப்பி, வாசல் வெளிச்சம் விழுகிற மாதிரி வைத்திருந்தார்கள். பச்சையைப் பகல் வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும். என் மச்சான் அதற்கென்றே மலையிலிருந்து இறங்கி வந்து, தோய்த்த சட்டை போட்டுக்கொண்டு தாம்பாளத்துக்குப் பக்கத்தில் நின்றார். வந்தவர் நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு வாய் இளநீர் குடித்தார். 'ஐந்து நிமிடம்' என்று எனக்கு விரலைக் காட்டிவிட்டு, கறுப்புத் துணியைக் கண்ணில் மாட்டி, மாலையும் கழுத்துமாகத் தூங்கிப்போனார்.

மணி அப்போது பத்து.

"கண்ணக் கட்டிக்கிட்டு எப்புடிய்யா கலரு பாப்பாரு?" என்று கணக்கப்பிள்ளை என் காதில் கேட்டார். எழுப்பலாமா என்று நான் முதலாளியைக் கேட்டேன். அவர் அரண்டுபோனார். "விருந்தாளியாய்யா வந்திருக்காரு! அசந்து தூங்குற மனுசன எழுப்பித்தான் வியாபாரம் பண்ணணுமா? அந்தச் சோலி வெளங்குமா?" என்றார். எங்கள் பக்கத்தில் அது அப்படித்தான். வீட்டுக்கு வந்தவரை ஊரே கூடி உபசரிக்கும், தூங்கினால் எழுப்ப ஒரு ஆளும் துணியாது. பன்னிரண்டு ஆனது, இரண்டு ஆனது. வெயில் வாசலைவிட்டு நகர நகர, தாம்பாளங்களையும் தூக்கித் தூக்கி நகர்த்தி வைத்தோம். என் மச்சான் உட்காரவே இல்லை. நாலு மணிக்குத் துண்டை உதறித் தோளில் போட்டார். "நெருப்பு எனக்காகக் காத்துக்கிட்டிருக்காது, மாப்ளே. இவரு முழிச்சதும் வெரசாக் காட்டிரு. நீதான் எடுத்துச் சொல்லணும், எனக்கு ஆரு இருக்கா?" என்று சொல்லிவிட்டு மலைக்குப் போகிற லாரியைப் பிடிக்க ஓடினார். அந்தக் கடைசிச் சொல்லை நான் பொறுக்கி வைக்கவில்லை. அது தானாகவே தைத்துக்கொண்டது.

விளக்கு வைத்த பிறகு விழித்தார். பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் தாம்பாளத்தைப் பார்த்து, "மஞ்சள்" என்றார். விளக்கினால் அப்படித் தெரிகிறது என்றேன். "காலையில் பார்க்கிறேன்" என்றார். காலையில் அவர் எங்கே விழித்திருக்கப் போகிறார்? மறுநாள் மதியம் மதுரையில் ரயில். முதலாளி சாப்பிடாமல் படுத்தார்.

அன்று ராத்திரி அவர் தெருவில் மேலும் கீழும் நடந்தார். அவருக்குப் பின்னால் நாய்கள், நாய்களுக்குப் பின்னால் டார்ச் லைட்டோடு நான். நாலைந்து சுற்றுக்குப் பிறகு நின்று, "நீ ஏன் தூங்கவில்லை?" என்று கேட்டார். "டியூட்டி" என்றேன். அந்த ஒரு சொல்லுக்குள் எவ்வளவு பொய்யை அடைக்கலாம் என்று அன்று தெரிந்துகொண்டேன். பிறகு எனக்கே ஒன்று தோன்றியது. இவர் விடிகிறவரை விழித்திருப்பார். மலையிலும் ஒருவர் விடிய விடிய விழித்திருக்கிறார். விடியும்போது இருவரும் ஒரே இடத்தில் இருந்தால் போதுமே! முதலாளியின் கதவைத் தட்டினேன். "அவரத்தான் எழுப்பக் கூடாது. என்னை எழுப்பலாமாக்கும்?" என்று கொட்டாவியோடு வந்து ஜீப்பில் ஏறினார்.

ஸ்டோருக்குப் போய்ச் சேரும்போது கிழக்கே வெளுத்துக்கொண்டிருந்தது. குளிர் எலும்பைத் தொட்டது. என் மச்சான் புகையில் சிவந்த கண்ணோடு வெளியே வந்து, எங்களைப் பார்த்ததும் துண்டை இடுப்பில் கட்டினார். உள்ளே உலர்ந்து முடிந்த காய் தட்டுத் தட்டாக இருந்தது. வந்தவர் இரண்டு கையாலும் அள்ளி வாசலுக்குக் கொண்டுவந்து, சூரியன் வருகிறவரை அப்படியே நின்றார். முதல் வெளிச்சம் விழுந்ததும் உள்ளங்கையில் கிளிப்பச்சை. அதை வாசற்படியில் வைத்துவிட்டு, கோட்டுப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்துப் பக்கத்தில் கொட்டினார். போன வருடத்துக் காய். என் காய். வைக்கோல்.

"இதே ஆளா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "இதே நெருப்பா?" ஆமாம். இரண்டு குவியலையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "அப்படியானால் இது இங்கே வெளுக்கவில்லை. கீழே கொண்டுபோனது யார்?"

அந்த மலையில் அந்தக் கேள்வி புரிந்த ஒரே ஆள் நான். முதலாளி என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார். மச்சான் வந்தவரின் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "என்னய்யா கேக்குறாரு?" என்றார் முதலாளி.

"கலரு அருமையா இருக்குன்னு சொல்றாரு, மொதலாளி" என்றேன்.

மச்சான் முகத்தை மறுபக்கம் திருப்பித் துண்டால் துடைத்துக்கொண்டார். "பொகை" என்றார். அக்கா ஓடிவந்து எல்லோருக்கும் பால் விடாத கட்டங்காபி கொடுத்தாள். எனக்கு மட்டும் ஒரு தம்ளர் கூடுதலாக. அதைத் திண்ணையில் வைத்துவிட்டேன்.

முதலாளி தோட்டம் பார்க்க மேலேயே நின்றுகொண்டார். நானும் வந்தவரும் மட்டும் இறங்கினோம். அந்த வளைவு வந்ததும் என் கால் தானாக பிரேக்கை மிதித்தது. ரோட்டைப் பார்த்தபடியே, எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் அத்தனையையும் கொட்டினேன். "இங்கே. ஜீப்பு உடைந்தது. மழை. மூட்டை நனைந்தது. அந்தப் பாறை. வெயில், ஒரு நாள். நான் செய்தேன். அவரில்லை. நான்." சொல்லி முடித்து, வேர்த்துப் போய்த் திரும்பிப் பார்த்தேன். கண்ணில் கறுப்புத் துணி, வாய் லேசாகத் திறந்திருந்தது. தூங்கிக்கொண்டிருந்தார். இத்தனை மாதம் நெஞ்சில் கிடந்ததை ஒருவழியாக வெளியே எடுத்து வைத்தால், வாங்கிக்கொள்ள ஆளில்லை. மதுரை வரைக்கும் அவர் அசையவில்லை. ஸ்டேஷனில் விழித்து, கை குலுக்கி, "நல்ல டிரைவர்" என்று சொல்லி ஏறிப்போனார். திரும்பி வந்தால் சீட்டில் இந்தத் துணி.

ஒரு மாதம் கழித்துக் கடுதாசி வந்தது. கணக்கப்பிள்ளை உரக்கப் படித்துத் தமிழில் சொன்னார். சரக்கு வேண்டும். ஸ்டோர்க்காரர் வேலை சுத்தம். கடைசியில் ஒரு வரி: 'மலையிலிருந்து இறக்கும்போது மூட்டைகளைக் கறுப்புத் துணியால் மூடவும், நனைந்தாலும் வெயிலில் விரிக்க வேண்டாம்.'

"வெயில்ல விரிக்கிறதா?" என்று முதலாளி சிரித்தார். "எந்தக் கூறுகெட்டவன்யா ஏலக்காய வெயில்ல விரிச்சான்?"

யார் பெயரும் அதில் இல்லை. பேசாமல் இருந்திருந்தால் சிரிப்போடு போயிருக்கும். "நான்தான், மொதலாளி" என்றேன்.

கணக்கப்பிள்ளை கடுதாசியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். முதலாளிக்குச் சிரிப்பு நின்றது. "அவருகிட்ட இங்கிலீசுல சொல்லத் தெரிஞ்சவனுக்கு, எங்கிட்டத் தமிழ்ல சொல்ல ஒரு மாசம் ஆச்சாடா?" என்றார். பிறகு, "எங்கிட்டச் சொன்னது சரி. மேல போயி அவன்கிட்டச் சொல்லு. ஜீப்புல போகாத, நடந்து போ" என்றார். நடந்தே போனேன்.

மச்சான் அடுப்பு வாயைத் திறந்து வைத்திருந்தார். நான் சொல்லி முடிக்கிறவரை திரும்பவில்லை. "அந்த வெறகை எடுத்துப் போடு" என்றார். போட்டேன். அவ்வளவுதான் பேச்சு. அக்கா சோறு போட்டாள், என்னைப் பார்க்காமல். பங்குனி வரை மச்சான் என் ஜீப்பில் ஏறவில்லை. போடிக்கு வர வேண்டியிருந்தால் நடந்தே இறங்குவார்; நான் ஹாரன் அடித்தால் ரோட்டோரம் ஒதுங்கி வழிவிடுவார், யாரோ ஒரு டிரைவருக்கு ஒதுங்குகிற மாதிரி. பங்குனியில் ஒரு நாள் அவராகவே கையைக் காட்டி நிறுத்தினார். ஏறி உட்கார்ந்து, பின்னால் எட்டி மூட்டைமேல் போட்டிருந்த கறுப்புத் துணியை இழுத்துச் சரிசெய்தார். "போ" என்றார். அதற்கப்புறம் அந்தப் பேச்சை நாங்கள் இருவருமே எடுத்ததில்லை. அவர் போய்ப் பல வருடம் ஆகிறது. அக்காவும் போய்விட்டாள். அவர்கள் பிள்ளைகளுக்கும் இது தெரியாது.

அன்று அந்த வளைவில் சுவீடன்காரர் துணிக்கு அடியில் கண் விழித்துத்தான் இருந்தாரா, பாதித் தூக்கத்தில் காதில் விழுந்ததா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. உள்ளறையில் மச்சானின் பேத்தி படுத்திருக்கிறாள். அதே நெற்றி, அதே மூக்கு, கண்ணில் கறுப்புத் துணி. மணி பதினொன்று. வெளியே நல்ல வெயில். நாற்காலியை அவள் கட்டில் பக்கம் இழுத்துப் போட்டு, என் துணியை மடியில் விரித்து வைத்துக்கொண்டேன். "ஆத்தா, ஒங்க தாத்தா ஸ்டோர்ல இருந்தப்ப ஒரு சங்கதி" என்று ஆரம்பித்தேன். அவள் அசையவில்லை. தூங்குகிறாளோ கேட்கிறாளோ. எழுப்பவில்லை, நிறுத்தவும் இல்லை.