பிந்தி எடுத்த படம்

தூத்துக்குடியில் ஒரு ஸ்கேன் சென்டரில் இதயப் படம் எடுப்பது என் வேலை. ட்ரெட்மில்லில் ஓடவிட்டு, நெஞ்சு படபடக்கும்போது ஊசியில் மருந்தேற்றி, பிறகு கேமராவுக்குக் கீழே படுக்கவைப்போம். ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் நூற்றுக்கு எத்தனை பங்கு ரத்தத்தை வெளியே தள்ளுகிறது என்று ஓர் எண் வரும். ஐம்பதைத் தாண்டினால் நிம்மதி.

சங்கு குளிக்கும் அண்ணாச்சி ஒருவர் வந்தார். கடலடியிலிருந்து மேலே வரும்போது நெஞ்சைப் பிடிக்கிறதாம். டாக்டர் சரி என்றால்தான் இனிப் படகில் ஏற்றுவேன் என்று படகுக்காரர் சொல்லிவிட்டாராம். ஓடினார், வியர்த்தார், ஊசி போட்டேன். அரை மணிக்குள் படம் எடுத்திருக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து, படத்துக்குக் காத்திருந்த விளாத்திகுளத்து அம்மாள் ஒருவர், ரெண்டு மணி பஸ் போய்விடும் என்று புலம்பத் தொடங்கினார்.

"அந்தம்மா முதல்ல போகட்டும்மா. எனக்கென்ன அவசரம், இங்கன இருக்கேன்" என்றார் அண்ணாச்சி.

கூடாது என்று சொல்லியிருக்க வேண்டும். நல்ல மனசுக்காரர்களிடம் கறாராகப் பேச எனக்கு வாய் வராது. அதுதான் என் கேடுகெட்ட புத்தி. அந்த அம்மாள் அசைந்து அசைந்து இரண்டு தடவை எடுக்கவேண்டியதாயிற்று. அண்ணாச்சி படுத்தபோது ஊசி போட்டு ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது.

ரத்தக் குழாயில் அடைப்பிருந்தால், ஓடிக் களைத்த இதயம் கொஞ்ச நேரம் தளர்ந்து கிடக்கும். பிறகு ஒன்றும் நடக்காததுபோல் தேறிவிடும். இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் மூன்று குழாயும் ஒரே அளவுக்கு அடைத்திருந்தால் படமும் சீராகவே தெரியும்; அந்தத் தளர்ச்சி ஒன்றுதான் காட்டிக்கொடுக்கும். அது தேறிய பிறகு நான் படம் எடுத்தேன்.

ஐம்பத்தைந்து வந்தது. தாமதமானதை டாக்டரிடம் நான் வாய்திறந்து சொல்லவில்லை. தாளின் மூலையில் நேரம் குறித்திருந்தேன், அதை யார் பார்க்கிறார்கள்? எண் நல்லதாக இருந்தால் யாரும் தோண்டித் துருவுவதில்லை. அண்ணாச்சி சிரித்துக்கொண்டே போனார்.

ஐந்தாவது வாரம் படகிலேயே மாரடைப்பு. மூன்று குழாயும் அடைத்திருந்தனவாம். உயிர் தப்பியது, இதயத் தசையில் பாதிக்குமேல் செத்துவிட்டது.

சில மாதம் கழித்து அவர் மனைவி கையைப் பிடித்து நடத்திக் கூட்டிவந்தார். இந்தத் தடவை ஓட்டமெல்லாம் இல்லை, படுக்கவைத்து எடுப்பதுதான். நிமிஷம் தவறாமல் எடுத்தேன். இருபத்தாறு.

அண்ணாச்சி மெல்ல எழுந்து உட்கார்ந்தார். "பிந்தி எடுத்தா நம்பர் கூடும்னு வெளிய ஒருத்தர் சொன்னாரு. இன்னும் ஒரு மணி நேரம் இருந்து பாக்கட்டுமாம்மா?"

அன்று நடந்ததைச் சொல்லிவிட நினைத்தேன். தைரியம் வரவில்லை.

"வேண்டாம் அண்ணாச்சி. இனி எப்ப எடுத்தாலும் இதான்."

அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

"சரிம்மா" என்றார். "உன்னைய வேற சிரமப்படுத்திட்டேன்."