தமிழ் பேச மறந்த போன்

நான் பிறவியிலேயே பார்வை இல்லாதவள். இலங்கை மலையகத்தில் நோட்டன் பிரிட்ஜ் பக்கம், ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றில், கணவரோடு இருக்கிறேன். போனில் வருவதை வாசித்துச் சொல்லும் தமிழ்க் குரலை வைத்துத்தான் தோட்டத்து வாட்ஸ்அப் குழுவின் செய்திகளைக் கேட்பேன்.

போன மழைக்காலத்தில் ஒரு மத்தியானம், மென்பொருளின் புதிய பதிப்பை ஏற்றலாமா என்று போன் கேட்டது. யோசிக்காமல் சரி என்று தட்டிவிட்டேன். போன் அணைந்து மறுபடி வந்தபோது தமிழ்க் குரலைக் காணோம். இங்கிலீஷ் குரல் ஒன்று தமிழ் எழுத்துகளை வாசிக்காமல் விட்டுவிட்டு, எண்களை மட்டும் சொன்னது. கணவர் ஃபெக்டரியில். அவரை அழைக்கும் இடமும் விரலுக்கு அகப்படவில்லை.

வெளியே மழை கொட்டியது. போன் விடாமல் அதிர்ந்தது. குழுவில் ஒருநாளும் இத்தனை செய்தி வந்ததில்லை. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பக்கத்து வீட்டு செல்வி அக்கா காய்ச்சலில் படுத்திருந்தார். நடுச்சுவரில் ஓங்கித் தட்டினேன்.

தூக்கக் கலக்கத்தோடு வந்தார். "என்னா புள்ள, செவுத்த ஒடைக்கிற?"

"அக்கா, போன்ல என்னா வந்திருக்குன்னு பாருங்க."

"ஐயோ! மேல மண்ணு சரியுதாம். எல்லாரையும் ஸ்கூலுக்குப் போகச் சொல்றாங்க!"

என் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினார். நாங்கள் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போதே எங்கள் இருவர் வீட்டு அடுப்படியும் மண்ணுக்குள் போய்விட்டது.

இப்போதெல்லாம் புதிய பதிப்பில் தமிழ்க் குரல் பேசுகிறதா என்று பார்வையற்ற நண்பர்களிடம் கேட்டுவிட்டு, கணவர் வீட்டில் இருக்கும்போதுதான் ஏற்றுகிறேன். ஆனாலும் மழை பிடித்தால் மனம் ஒரு நிலையில் நிற்பதில்லை. போனைத் தொட்டு, அது தமிழில் பேசக் கேட்ட பிறகுதான் உலை வைக்கிறேன்.